இரண்டாம் வாசிப்பு

கோடியாக் துறைமுகத்தில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
மீன் ஆலையில், நகரும் பட்டையின் முடிவில்
லுகேரியா நிற்பாள்,
ஆரஞ்சு ரப்பர் அங்கி, கையில் குட்டைக் கத்தி.
நானூறு மீட்டர் ஆழத்துப் பாறைமீன்கள்
வயிற்றை வாய்வழியே கக்கி
கண் பிதுங்கி
அவள் முன்னால் வரிசையில் வரும்.
மேலே இழுத்த வேகமே கொன்றிருக்கும்.

மண்டையின் குறுக்கே ஒரு வெட்டு.
இடுக்கி உள்ளே போய்
இரண்டு வெள்ளைக் கற்களோடு திரும்பும்,
புளியங்கொட்டை அளவு.
மீன் தன் காதுக்குள் வைத்திருந்த கற்கள்.
சிறிய காகித உறை.
கப்பல், ஆழம், நீளம், ஆணா பெண்ணா.
வயது என்ற கட்டம் மட்டும் காலி.

அந்தக் கட்டத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

உறை சியாட்டிலுக்கு வர ஏழு மாதம்.
ஜன்னல் இல்லாத அறை.
கல்லின் நடுவே கீறி, இரண்டாய் ஒடித்து,
ஒரு பாதியை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன்.
கூடினால் சாம்பல்.
குறைந்தால் ஊமை.
கருப்பட்டி நிறம் வரும் நொடியில் எடுத்துவிட வேண்டும்.
நகம் கருகும் வாடை
சட்டையோடு வீட்டுக்கும் வரும்.

களிமண்ணில் நட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குனிவேன்.
ஒரு குளிர்காலம் ஒரு கருங்கோடு.
முதல் பத்து ஆண்டு தாராளம்,
பிறகு மீன் வளர்வதை ஏறக்குறைய விட்டுவிடும்;
கோடுகள் நெருங்கி நெருங்கி
மூடிய புத்தகத்தின் ஓரம்போல் ஆகிவிடும்.
தும்மினால் முதலிலிருந்து.

நூற்று நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

முதல் வாசிப்பு டாக்னியுடையது.
அவள் எண்ணை நான் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது, விதி.
பார்த்தபோது நூற்று நாற்பத்தேழு.
அவளுக்கு இடது கண்ணில் புரை,
அடுத்த மாதம் அறுவை.
நான் எதுவும் சொல்லவில்லை.
நினைத்தேன்.

இந்த எண்ணெல்லாம் சரியா என்று
மீனிடம் கேட்க முடியாது.
ஒருமுறை கேட்டுப் பார்த்தோம், வேறு வழியில்.
ஐம்பதுகளில் வானத்தில் குண்டுகளைச் சோதித்தார்களே,
அந்தக் கரிமம் காற்றில் கலந்து, கடலில் இறங்கி,
அப்போது பிறந்த குஞ்சுகளின் காதுக்கல்லில்
நடுப்புள்ளியில் போய் உட்கார்ந்திருக்கிறது.
அந்தப் புள்ளியைத் துளைத்துத் தூள் எடுத்து அனுப்பினோம்.
நாங்கள் எண்ணிச் சொன்ன பிறந்த ஆண்டுகளிலேயே
கறை தொடங்கியிருந்தது.
டாக்னி கேக் வாங்கி வந்தாள்.
கொஞ்ச நேரம்
யாரும் கத்தியை எடுக்கவில்லை.

இப்போது இரட்டை நுண்ணோக்கியில் இருவரும்.
ஒரே கல், நான்கு கண்கள்.
அவள் ஊசி நுனி நகர்கிறது:
“இங்கே. அறுபத்து மூன்றுக்கு அப்புறம்.”
எனக்கு அது ஒற்றைக் கோட்டின் பிசிறு.
அவளுக்கு ஏழு தனிக் குளிர்காலங்கள்.
விளக்கைச் சாய்த்தாள். பிசிறு பிசிறாகவே இருந்தது.
நடுவில் பிரித்துக்கொள்ள விதியில் இடமில்லை.

உறையில் இன்னொரு கல் இருந்தது.
நான்தான் ஒடித்தேன், நான்தான் சுட்டேன்,
அதே இடத்துக்கு வந்ததும் மூச்சை அடக்கினேன்.

ஏழும் இருந்தன.
மயிரிழையாய், ஆனால் தனித்தனியாய்.
உணவு குறைந்த ஆண்டுகளோ,
நீர் சில்லிட்ட ஆண்டுகளோ,
ஏதோ ஒன்று அதை ஒடுக்கியிருக்கிறது;
ஒடுங்கியும் ஒவ்வோர் ஆண்டையும் குறித்து வைத்திருக்கிறது.
தெளிவாய் இல்லை என்பதற்காக
அதில் ஆறைத் தள்ளிவிட்டிருந்தேன்.

ரஷ்யர்கள் அலாஸ்காவை விற்றுவிட்டுப் போன
சூடு ஆறுமுன் பிறந்த பெண்மீன்.
கட்டத்தில் 147 என்று எழுதினேன்.
பக்கத்தில் லுகேரியாவின் ஈர விரல் பட்டு
நீளம் சற்றே கலைந்திருந்தது: 61 செ.மீ.
மற்றதையெல்லாம் யாரோ
போன வசந்தத்திலேயே எலுமிச்சை பிழிந்து
தின்று முடித்திருப்பார்கள்.

டாக்னி கண்ணைக் கசக்கிக்கொண்டு
அடுத்த உறையைக் கிழித்தாள்.